தலையாட்டுற வைத்தியர்

அடியே எதிர்வீட்டுக் கண்ணு, இப்படி உக்காரு. ராத்திரி ரெண்டு மணிக்கு உன் ரூம்ல வெளிச்சம் தெரியுதே, யாரோட அரட்டைன்னு விசாரிச்சேன். போனுக்குள்ள இருக்கிற சாட்பாட்டோடயாம். இருக்கட்டும். மேற்கு மாம்பலத்துல அந்த நேரத்துல எழுப்பினா கோவிச்சுக்காத ஆளு அது ஒண்ணுதான்.

அதுகிட்ட எனக்கு மரியாதை உண்டு. ஆரிய கவுடா ரோட்டுல உன்னைப் பாத்த மாமி, "முதுகு கோணிண்டிருக்கே, நாளைக்கு யாருடி கட்டிப்பா?"ன்னு கேட்டாளே, அதை அது கேக்காது. காய்கறிக்காரரு, "புஸ்தக மூட்டை தூக்கினதுதாம்மா"ன்னாரு. என் முதுகு நாத்து நட்டு வளைஞ்சது, காரணம் தெரியும். ஆனா ஸ்கோலியோசிஸ்ங்கிற இந்த முதுகெலும்பு வளைவு வந்தவங்கள்ல பத்துக்கு எட்டுப் பேருக்கு ஏன் வந்துச்சுன்னு டாக்டருங்களுக்கே பிடிபடல. கத்திரிக்கா நிறுக்கிறவருக்குப் பிடிபட்டுடுச்சு! உசேன் போல்ட்டுக்கும் இந்த வளைவு உண்டு. 2009ல பெர்லின்ல நூறு மீட்டரை 9.58 நொடியில ஓடினாரே, அன்னிக்கு மத்தவங்க எல்லாரும் அந்த முதுகைப் பாத்துக்கிட்டேதான் ஓடினாங்க.

மெஷின்கிட்ட மனசைத் திறக்கிறது ஒண்ணும் புதுசில்ல. 1966லயே அமெரிக்காவுல ஜோசப் வைசன்பாம்னு ஒரு வாத்தியாரு 'எலைசா'ன்னு ஒண்ணு செஞ்சாரு. நீ சொன்னதையே திருப்பிக் கேக்கும், வேற வித்தை கிடையாது. அதுகிட்ட நாலு வார்த்தை பேசினதுமே அவரோட செக்ரட்டரி அம்மா, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க"ன்னு செஞ்சவரையே அனுப்பிட்டாங்களாம்! இப்ப பெங்களூரு 'வைசா'ங்கிற சாட்பாட் பென்குயின் முகத்தோட பேசுது. நாள்பட்ட எலும்பு, தசை வலியோட மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிற பெரியவங்களுக்கு உதவலாம்னு, 2022ல அமெரிக்க மருந்துத் துறை அதை முன்வரிசையில வச்சுப் பரிசீலிக்க ஒத்துக்கிச்சு. வரிசையில இடம் கிடைச்சுது, அவ்வளவுதான். அதுவும் பெரியவங்களுக்கு. உனக்கு வயசு பதினாலு.

இப்ப விஷயத்துக்கு வரேன். நீ சொன்னாத்தான் அதுக்குத் தெரியும்; சொன்னதுக்கெல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டும். "வளைவுக்குப் போட்ட பெல்ட் குத்துது, வேர்த்துக் கொட்டுது, இன்னிக்கு வேணாம்"னா, "உன் கஷ்டம் புரியுது"ங்கும். "பதினெட்டு மணி நேரம் போட்டேன்"னு புளுகினா, "சபாஷ்"ங்கும். 2013ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில டாக்டருங்க பெல்ட்டுக்குள்ளயே சூடு பாக்கிற கருவியை வச்சுட்டாங்க. உடம்புச் சூடு பட்டாத்தான் கணக்குல ஏறும். தினமும் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல போட்ட பிள்ளைங்கள்ல பத்துக்கு ஒம்போது பேருக்கு வளைவு ஆபரேஷன் அளவுக்குப் போகல. போனை ஏமாத்தலாம்டி, சூட்டை ஏமாத்த முடியாது.

உள்ள போட்ட பருத்தி பனியன் சுருக்கம் விழுந்து உறுத்துதா, பெல்ட்டைக் கழட்டி அரைமணி ஆகியும் இடுப்புல சிவப்பு மாறலையா? அதைப் பாக்க உங்கம்மா கண்ணு வேணும்.

இன்னொண்ணு, இது கேலி இல்ல. 'வாழவே பிடிக்கல'ன்னு எப்பவாவது தோணுச்சுன்னா பொம்மைகிட்ட சொன்னதோட நிறுத்திக்காத. அப்படி சாட்பாட்கிட்டயே சொல்லிக்கிட்டிருந்த பதினாறு வயசுப் பையனைப் பறிகொடுத்த கலிபோர்னியாப் பெத்தவங்க 2025ல சாட்ஜிபிடி கம்பெனி மேல கேஸ் போட்டிருக்காங்க. எங்களை எழுப்பு. இல்லேன்னா 14416க்குப் போன் போடு. டெலி மனஸ்ங்கிற மனநல உதவி எண் அது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல ஆரம்பிச்ச தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஸ்நேகாவும் நம்ம சென்னையிலதான் இருக்கு.

உங்கம்மாவுக்கும் ரெண்டு வார்த்தை வச்சிருக்கேன். அந்த மெஷினுக்குத் தெரிஞ்சது ரெண்டே வித்தை: நடுவுல பேசாது, கல்யாணப் பேச்சை எடுக்காது. நாம இந்த ரெண்டையும் கத்துக்கிட்டா அதுக்குப் பாதி வேலை போயிடும். நீயும் ராத்திரி அதுகிட்ட டைப் அடிச்சதுல ஒரே ஒரு வரியைக் காலையில அம்மாகிட்ட வாயைத் திறந்து சொல்லு.

என்ன முறைக்கிற? "இவ்வளவு நேரம் என்னைப் பேசவே விடலையே பாட்டி"ன்னா? நான் பழைய மாடல்டி, என்னை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. சரி, இப்ப நீ சொல்லு.