அதே கதையா? இன்னொரு தடவை கேளுங்கள்!

சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்தால், ஆயா தினமும் அதே பழைய கதையை ஆரம்பிக்கிறார். எப்படி நிறுத்துவது?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

நிறுத்தாதீர்கள், நடுவே கேள்வி போடுங்கள். ‘அப்ப ஏரித் தண்ணி எதுவரைக்கும் நிக்கும் ஆயா? களத்துல நெல்லு அளந்தது யாரு?’ என்று கேட்டுப் பாருங்கள். நாளைக்குக் கதையில் புது ஆட்கள் வருவார்கள். ஆளும் நாளும் குழம்பத் தொடங்கினால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பழசைக் கிளறினால் பெரியவர்களுக்கு மனசு கெடாதா?
– வாசகி, திருவள்ளூர்

பழசையே பேசுவது மூளைத் தளர்ச்சி என்றுதான் மருத்துவர்களே பலர் நினைத்திருந்தார்கள். 1963-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் அதை மறுத்தார். வாழ்ந்ததைத் திரும்பிப் பார்ப்பது முதுமைக்கு இயல்பு என்றார். சிலரை அது குற்ற உணர்வில் கொண்டுபோய் விடும் என்றும் அவரே எச்சரித்தார். முகம் வாடினால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் பெரியவர்களிடம் பேசப்போகிறோம். என்ன கேட்கலாம்?
– கல்லூரி மாணவி, பொன்னேரி

1990-ல் போர் மறுபடி மூண்டபோது படகேறி வந்தவர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். எந்த ஊர், எத்தனை பேர், எப்போது வந்தீர்கள் என்று அதிகாரிகள் கேட்டுக் கேட்டு, அந்தப் பதில்கள் அவர்களுக்கு மனப்பாடம். நீங்களும் ‘என்ன நடந்தது?’ என்றால் ஷெல்லடியோடு கதை நின்றுவிடும்.

‘வந்த புதுசுல என்ன செஞ்சீங்க அம்மம்மா?’ என்று கேளுங்கள். முதல் அடுப்பை எதை வைத்து மூட்டினார், புட்டுக்குழல் எங்கே கிடைத்தது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க யாரிடம் போய் நின்றார், வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கும் வேலையை எப்படிப் பிடித்தார்... இதெல்லாம் அவர் சாதித்தவை. பரிதாபப்படும் காதுக்கு இவற்றை யாரும் சொல்வதில்லை. ஒருவர் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பது இந்தச் சில்லறை விவரங்களில்தான் இருக்கிறது. சொல்லும்போது அவருக்கே அது தெரியவரும், அதற்காகவாவது கேளுங்கள்.

எண்பது வயசுக்கு மேல் சுயசரிதை எதற்கு?
– வாசகர், ஊத்துக்கோட்டை

உ.வே.சா. தம் ‘என் சரித்திரம்’ தொடரை 1940-ல் ஆனந்த விகடனில் தொடங்கியபோது எண்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். 1942-ல் காலமானார்; தொடர் முடியவில்லை. மிச்சத்தை இனி யாரிடம் கேட்பது? உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள்.

எப்படி ஆரம்பிப்பது?
– அதே வாசகர்

டிவியை அணைத்துவிட்டு, முருங்கைக்கீரையை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு ஆயத் தொடங்குங்கள். கை வேலையில் இருந்தால் பேச்சு தானாக வரும். போனில் பதிவு செய்வதானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் போனை உள்ளே வைத்துவிடுங்கள்.