ஊரைக் கேட்டால் என்ன?

கேள்வி: அணுமின் நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்று ஊர் மக்களைக் கேட்டு என்ன பயன்? அவர்களுக்கு அணு உலையைப் பற்றி என்ன தெரியும்?

பதில்: உலையைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம், கடலும் கரையும் காற்று திரும்பும் திசையும் அவர்களுக்குத்தானே தெரியும்! தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற மாதிரியான கருத்துக்கேட்பில்தான் பயனே இல்லை. முன்கூட்டியே, முறையாகக் கேட்க வேண்டும்.

ஜப்பானில், நீகாத்தா மாகாணத்துக் கடலோர ஊராக இருந்தது மாகி. அன்றைய மக்கள்தொகை சுமார் 30,000. அங்கே அணுமின் நிலையம் அமைப்பது பற்றி வாக்கெடுப்பு நடத்த ஊர் நிர்வாகம் மறுத்தபோது, 1995-இல் மக்களே வாக்குப்பெட்டி வைத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து வாக்குப் போட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று அதிகாரபூர்வ வாக்கெடுப்பே நடந்தது. 88 சதவீதம் பேர் வந்தார்கள். பதிவான வாக்குகளில் சுமார் 61 சதவீதம் ‘வேண்டாம்’. அந்த முடிவுக்குச் சட்டப்படி யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனாலும் மேயர் கட்டுப்பட்டார், அதுதான் பெரிய விஷயம். உலைக்குக் குறித்த இடத்துக்குள் ஊருக்குச் சொந்தமான துண்டு நிலம் ஒன்று கிடந்தது. 1999-இல் அதைத் திட்டத்தை எதிர்த்தவர்களுக்கே விற்றுவிட்டார்! அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் விற்பனை நிலைத்தது. 2003-இல் மின் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது.