மைட்டோகாண்ட்ரியாவை ஒன்றரை மதிப்பெண்ணுக்குப் படிப்பது எப்படி?

குரூப் 4 தேர்வு எழுதப் போகும் தம்பி தங்கைகளே! 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. அந்த 75-க்குள்தான் சோழர், பஞ்சாயத்து ராஜ், பருவமழை, பட்ஜெட் எல்லாம் பிதுங்கிக் கிடக்கின்றன. அந்த நெரிசலிலும் ஓர் ஓரமாக நின்றுகொண்டு டி.என்.ஏ.வும் நொதியும் வைட்டமினும் உங்களை முறைக்கின்றன. தலைக்கு ஒன்றரை மதிப்பெண். அதற்கு மேல் ஒரு பைசா உழைப்பு கொடுக்காமல் உயிர்வேதியியலையும் மூலக்கூறு உயிரியலையும் தாண்டுவது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கையேடு. புரிந்துகொள்ளும் ஆசை உள்ளவர்கள் வேறு கடை பார்க்கலாம்.

1. பட்டப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

மைட்டோகாண்ட்ரியா என்றால் 'செல்லின் ஆற்றல் நிலையம்'. ரைபோசோம் 'புரதத் தொழிற்சாலை'. லைசோசோம் 'தற்கொலைப் பை'. பஸ்ஸில் போகும்போது முணுமுணுத்தால் போதும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு அந்தப் பட்டத்தை 1957-இல் ஓர் அறிவியல் பத்திரிகையில் சூட்டியவர் பிலிப் சீகெவிட்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அன்று முதல் உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதை வைத்தே தேறி வருகிறார்கள். என்ன ஆற்றல், யாருக்குப் போகிறது என்று கேட்டுத் தொல்லை கொடுத்தவர்கள் குறைவு. நீங்களும் கேட்காதீர்கள்.

கேட்டால் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வந்து நிற்கும். சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு செல் அதைக் கட்டுகிறது, பிறகு அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிரித்துத் தசையை அசைக்கிறது என்று தெரியவரும். உடம்பில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.டி.பி. கால் கிலோவைத் தாண்டாது. ஆனால் ஒரு நாளில் உடைத்து உடைத்து மறுபடி கட்டுவது ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும். அப்படியானால் ஒரே மூலக்கூறு ஒரு நாளில் எத்தனை தடவை உடைந்து சேர வேண்டும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பிக்கும். திறனறிவுப் பகுதிக்கு வைத்திருந்த மூளை இங்கேயே செலவாகிவிடும்.

அதைவிட ஆபத்து எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் 1895-இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி அணிந்ததால் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, ரத்தத்திலும் திசுவிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க 1925-இல் ஒரு முறையை வகுத்தார். அளக்கத் தெரிந்ததால் தசைக்குள் பாஸ்பேட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட முடிந்தது, 1929-இல் ஏ.டி.பி. கையில் கிடைத்தது. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைப் பிரித்தெடுத்தார். இவ்வளவையும் தெரிந்துகொண்டால் உங்களுக்கு என்ன லாபம்? அரை மணி நேரம் போனதுதான் மிச்சம்.

2. ஷார்ட்கட் போடுங்கள், காரணம் தேடாதீர்கள்

டி.என்.ஏ.வில் அடினைன் தைமினோடு சேரும், குவானைன் சைட்டோசினோடு சேரும். எங்கள் ஷார்ட்கட்: 'அண்ணன்–தம்பி, கூட்டு–சாம்பார்'. ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதில் யுராசில். அதாவது தம்பி ஊரில் இல்லை, யாரோ வந்திருக்கிறார். முடிந்தது பாடம்.

இந்த ஜோடி ஏன் மாறுவதில்லை என்று மட்டும் யோசித்துவிடக் கூடாது. அடினைனும் குவானைனும் இரட்டை வளையம் கொண்டவை. தைமினும் சைட்டோசினும் ஒற்றை வளையம். பெரியதோடு சிறியது சேர்ந்தால்தான் இரண்டு இழைகளுக்கும் நடுவே உள்ள அகலம் எங்கும் ஒரே அளவாக இருக்கும். முதல் ஜோடியை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளும் இரண்டாவது ஜோடியை மூன்றும் பிடித்திருக்கின்றன. எர்வின் சார்காஃப் பல உயிர்களின் டி.என்.ஏ.வை அளந்து பார்த்தபோது அடினைனும் தைமினும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன; குவானைனும் சைட்டோசினும் அப்படியே. அவருக்கே அப்போது அதன் காரணம் பிடிபடவில்லை. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருளைக் கட்டிக் காட்டியபோது காரணம் தெரிந்தது. ஓர் இழை இருந்தால் மற்றதை எழுதிவிடலாம் என்பதும், ஒரு செல் இரண்டாகும்போது எழுத்து மாறாமல் போய்ச் சேரும் வழியும் கூடவே தெரிந்தன.

இவ்வளவும் விளங்கிவிட்டால் ஷார்ட்கட்டே தேவைப்படாது. தேவைப்படாவிட்டால் நாங்கள் எதை விற்பது?

3. நோபல் வாங்காதவரைத் தொடாதீர்கள்

விஞ்ஞானி என்றால் பெயர், ஆண்டு, பரிசு. மூன்று கட்டம். 1962: வாட்சன், கிரிக், வில்கின்ஸ். அந்தச் சுருளுக்குச் சாட்சி சொன்ன எக்ஸ் கதிர்ப் படம் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வுக்கூடத்தில் 1952-இல் எடுக்கப்பட்டது. அவர் 1958-லேயே இறந்துவிட்டார். பட்டியலில் இல்லை, ஆகவே நமக்கும் வேண்டாம். டி.என்.ஏ.வை முதன்முதலில் 1869-இல் ஃபிரீட்ரிக் மீஷர் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிகளில் ஒட்டியிருந்த சீழிலிருந்து பிரித்தார் என்பதையும் சாப்பாட்டு நேரத்தில் நினைக்க வேண்டாம்.

2009-க்கு வெங்கி ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்தவர் என்பதால் தமிழ்நாடு, அறிவியல், விருதுகள் என்று மூன்று தலைப்பில் எண்ணிக்கொள்ளலாம். பரிசு ரைபோசோமின் அமைப்புக்கு. அவர் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, உயிரியல் தெரியாது என்று மறுபடி மாணவராகப் போய் வகுப்பில் உட்கார்ந்தவர். வயது வரம்பைக் கணக்குப் பார்த்துத் தேர்வு எழுதுபவர்களுக்கு இது நல்ல முன்னுதாரணம் ஆகாது.

ஜி.என். ராமச்சந்திரனுக்கு நோபல் கிடையாது. அடித்துவிடுங்கள். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு வந்தவர், உடம்பில் மிக அதிகமாக உள்ள புரதமான கொலாஜனை எடுத்துக்கொண்டார். அதற்கு வேண்டிய கங்காரு வால் நார், பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அதில் மூன்று இழைகள் முறுக்கிக் கிடப்பதைக் கண்டு 1954-இல் வெளியிட்டார். ஒரு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று 1963-இல் தன் குழுவோடு ஒரு வரைபடம் போட்டார். இன்றைக்கும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரிதானா என்று அந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். என்ன செய்வது, நம் மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறதே.

4. அட்டவணையின் வரிகள் ஒன்றோடொன்று பேசக் கூடாது

வைட்டமின் அட்டவணை ஒரு பொன்முட்டை. ஏ – மாலைக்கண். பி1 – பெரிபெரி. சி – ஸ்கர்வி. டி – ரிக்கெட்ஸ். கே – ரத்தம் உறையாமை. ஒப்பித்தால் ஒரு கேள்வி உறுதி.

ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வைத்திருப்பதுதான் சூட்சுமம். வைட்டமின் சி இல்லாவிட்டால் ஈறு ஏன் கசிகிறது என்று போனால், கொலாஜனின் மூன்று இழைகள் இறுகிப் பிடிக்க வேண்டிய வேதிமாற்றத்துக்கு அந்த வைட்டமின் வேண்டும் என்று வரும். உடனே, சற்று முன்பு அடித்துவிட்ட ராமச்சந்திரன் மறுபடி எழுந்து உட்காருவார். பக்கங்கள் இப்படிக் கலந்தால் ரிவிஷன் செய்ய முடியாது.

பி1 வரி இன்னும் மோசம். 1890-ஐ ஒட்டி, ஜாவாவின் படேவியாவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரிக்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடக் கோழிகளுக்குத் திடீரென்று கால் துவண்டது. கொஞ்ச நாளில் தானாகவே சரியாகவும் ஆகிவிட்டது. விசாரித்தால், ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றைச் சிவிலியன் கோழிகளுக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. எய்க்மன் அரிசி மாவில் ஏதோ நஞ்சு இருப்பதாக நினைத்தார். நஞ்சு எதுவும் இல்லை, ஏதோ ஒன்று குறைகிறது என்று 1901-இல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ். 1929-இல் நோபல் எய்க்மனுக்குப் போனது.

மலாயாவில் இன்னொரு புதிர். சயாம் வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி அள்ளிக்கொண்டு போனது. அதே நாட்டில் புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. 1905-06-இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு பாதிப் பேருக்கு வெள்ளை அரிசியும் மறு பாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் வெள்ளை அரிசிப் பக்கம்தான் பரவியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தையமின் (அதுதான் பி1) அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை.

எங்கள் கையேடும் தீட்டிய அரிசிதான் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். தவிடு கிடையாது, சீக்கிரம் வேகும், பளபளவென்று இருக்கும், நாள்பட இருந்தாலும் கெடாது. கால் துவளுவதற்குள் தேர்வு முடிந்துவிடும்.

5. சமையலறைப் பக்கம் போகாதீர்கள்

'நொதிகள் உயிரிய வினையூக்கிகள்.' இதற்கு மேல் நொதியோடு உறவு வேண்டாம். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் விடமாட்டார்கள். அம்மா வாழைப்பூவை நறுக்கி மோரில் போடுவார்.

"ஏம்மா மோர்ல போடுறீங்க?"

"இல்லன்னா கறுத்துப் போயிடும்டா. நீ போய்ப் படி."

பேசாமல் போய்விடுங்கள். நின்றால், நறுக்கிய இடத்தில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றோடு சேர்ந்து கறுப்பு ஏற்றுகிறது, மோரின் புளிப்பு அதை மந்தமாக்குகிறது என்று அங்கேயே விளங்கிவிடும். சோற்றை வாயில் வைத்து நெடுநேரம் மெல்லாதீர்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைத்து இனிக்க வைத்துவிடும். எட்வர்ட் புக்னருக்கு நேர்ந்தது ஞாபகம் இருக்கட்டும். ஈஸ்ட்டை அரைத்துச் சாறு பிழிந்தார். கெடாமலிருக்கச் சர்க்கரை சேர்த்தார். உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாத சாறு நுரைத்துப் பொங்கியது. நொதித்தலுக்கு உயிருள்ள செல் வேண்டியதில்லை, அதற்குள் இருக்கும் பொருளே போதும் என்று 1897-இல் அறிவித்தார். பத்து வருடம் கழித்து நோபல். சாறு நுரைத்ததும் கொட்டிவிட்டுக் கழுவியிருந்தால் அவருக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும்!

6. ஐந்தாவது வட்டத்தைத் தொடாதீர்கள்

ஓ.எம்.ஆர். தாளில் நான்கு விடைகளுக்குப் பிறகு ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: 'விடை தெரியவில்லை'. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் அதைக் கறுப்பாக்குவது வீண். மனதுக்குப் பட்டதை ஷேட் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

1961-இல் மூலக்கூறு உயிரியலாளர்கள் எல்லோரும் அந்த ஐந்தாவது வட்டத்தில்தான் இருந்தார்கள். நான்கு எழுத்துகளில் எழுதியிருப்பதை செல் எப்படி இருபது அமினோ அமிலங்களாக வாசிக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கிரிக் முதலானோர் அழகழகாக ஊகித்தார்கள். மார்ஷல் நிரன்பெர்க், ஹைன்ரிக் மத்தாய் என்ற அதிகம் அறியப்படாத இருவர் ஊகிக்காமல் சோதித்தார்கள். யுராசில் மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.வை ஒரு குழாயில் போட்டார்கள். ஃபினைல்அலனைன் என்ற ஒரே அமினோ அமிலத்தால் ஆன சங்கிலி வந்தது. முதல் சொல்லுக்குப் பொருள் கிடைத்தது. பிறகு ஹர் கோவிந்த் கொரானா தானே ஆர்.என்.ஏ. துண்டுகளைத் தயாரித்து மிச்சத்தை அவிழ்க்க உதவினார். மொத்தம் 64 சொற்கள்; அவற்றில் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிப்பவை, 3 நிறுத்தக் குறிகள். 1968-இல் நிரன்பெர்க், கொரானா, ராபர்ட் ஹோலி மூவருக்கும் நோபல்.

அவர்களுக்குக் கட் ஆஃப் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ஆகவே இப்போதைக்குக் கையேட்டின்படியே நடங்கள். ஆர்டர் கையில் வந்து முதல் சம்பளமும் வாங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்து, தெரியாத இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுப் பாருங்கள். அதை முடிக்க எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டு எங்களுக்குப் போன் செய்ய வேண்டாம். அந்தப் பாடத்துக்கு எங்களிடம் அட்டவணை கிடையாது.