கட்டைவிரல் மட்டம்

வீடு கட்டப் பணம் போதவில்லை என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியுமா? அதனால் 'எனக்குக் கன்டெய்னர் வீடுதான் பிடிக்கும்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சமயபுரத்தில் என் மனை, பெருவளை வாய்க்கால் பாய்ந்து நெல் விளைந்த வயல். மண் ரொப்பி விற்றது. "ஒரு மழை பாத்துட்டு வைங்க சார், மண்ணு அமுங்கட்டும்" என்றார் மேஸ்திரி. எனக்கோ ஆனியிலேயே குடிபோயாக வேண்டும். 20 அடிக்கு 8 அடிப் பெட்டி, உள்ளே பலகை அடித்து, ஜன்னல் வெட்டி, மரக்கதவு போட்டு, கிரேனில் வந்து இறங்கியது. அடியில் ஆறு ஹாலோபிளாக் தூண்கள்.

ஐப்பசியில் கதவு பிடிக்க ஆரம்பித்தது. மேல் மூலை நிலையில் உரசியது. தாழ்ப்பாள் ஓட்டைக்கு அரை விரற்கடை கீழே போய் முட்டியது. மழைக்கு மரம் ஊதும் என்பதை அறிந்தவன் நான். இழைப்புளி இரவல் வாங்கிச் சீவினேன். பத்து நாளில் மறுபடி பிடித்தது. மறுபடி சீவினேன். என் கைத்திறமையில் எனக்கே ஒரு மயக்கம் வந்திருந்தது.

அடுத்து வாஷிங் மெஷின். பிழியும் கட்டத்தில் தடதடவென்று ஆடி, இடத்தை விட்டு நகர்ந்து, குளியலறை வாசலை மறித்து நின்றது. "என்னங்க, ஓடி வாங்க, ஆத்தா இறங்கிட்டா!" என்று கத்தினாள் மனைவி. இந்த ஊரில் எது ஆடினாலும் முதலில் அந்த நினைப்புதான். ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்துக் கொடுத்தேன்; அருள் அடங்கியது. பிரிட்ஜ் கதவு சாத்தினால் தானாகத் திறந்துகொண்டது. பிரிட்ஜுக்கு முன்பக்கம் ஒரு நூல் தூக்கலாக இருந்தால்தான் கதவு தானே வந்து ஒட்டும். அதன் முன்காலுக்கு ஓர் ஓட்டுத்துண்டு. மூன்று நோய், மூன்று மருந்து. வைத்தியருக்குப் பெருமை தாங்கவில்லை.

கோயிலில் கொடுத்த எலுமிச்சம்பழம்தான் என்னைக் கவிழ்த்தது. கைதவறி விழுந்தது, உருண்டு போய் வடகிழக்கு மூலையில் நின்றது. எடுத்து வைத்தேன், மறுபடி அங்கேயே. வெளியே போய்க் குனிந்து பார்த்தேன். அந்த மூலைத் தூண் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. கூரைத் தண்ணீர்க் குழாய் நேரே அதன் காலடியில் ஊற்றிக்கொண்டிருந்தது. வைக்கச் சொன்னவன் நான்.

இங்கே ஒரு பழைய பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் இறங்கிச் சரிந்தபோது, நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். 'மேலே இரும்பு எவ்வளவு பலமாக இருந்து என்ன, தண்ணீர் அடிமண்ணை அரித்துவிட்டால் தீர்ந்தது' என்று பக்கத்தில் நின்றவருக்கு வகுப்பே எடுத்தேன்.

சரி, தூக்கி நிமிர்த்திவிடலாம் என்று டியூப் மட்டம் பிடித்தேன். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர். ஒரு முனை மனைவி கையில், மறுமுனை என் கையில். தண்ணீர் சிந்தக் கூடாதே என்று என் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டேன். தென்மேற்கு மூலைதான் மூன்று அங்குலம் தாழ்வு என்றது குழாய். பழம் சொன்னதும் குழாய் சொன்னதும் வேறுவேறு. விஞ்ஞானத்தை நம்பினேன்.

லாரி ஜாக்கியை இரவல் வாங்கி வெறும் மண்ணில் வைத்து அடித்தேன். வெறும் பெட்டியே 2 டன்னுக்கு மேல். பெட்டி ஏறவில்லை, ஜாக்கி இறங்கியது. அடியில் பலகை கொடுத்ததும் ஏறியது, ஏற வேண்டாத மூலை. உள்ளே பாத்திர அலமாரி மொத்தமாகப் பேசியது. பிறகு மனைவி பேசினாள்.

மேஸ்திரி வந்து டியூபைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். "சார், விரலை எடுங்க. காத்து போகாம தண்ணி எப்படி சார் மட்டத்துக்கு வரும்?"

நான் தூக்கியதை முதலில் இறக்கினார். அமுங்கிய மூலைக்குப் பக்கத்தில் ஜாக்கி கொடுத்துத் தாங்கி, அந்தத் தூணைப் பிரித்து, பொதபொத மண்ணை அள்ளி, செங்கல் ஜல்லி போட்டுத் திமிசு அடித்து, மேலே கான்கிரீட் திண்டு. ஒரு வாரம் இறுகவிட்டார். பிறகு பனம்பலகை மேல் ஜாக்கி. ஒரே மூச்சில் தூக்கவில்லை. ஒரு மூலையில் அரை அங்குலம், உடனே கட்டை அடைப்பு, அடுத்த மூலை என்று சுற்றிச் சுற்றி வந்தார். ஒரே பக்கம் ஏற்றினால் சட்டம் முறுக்கிக்கொள்ளுமாம். கட்டை அடைக்காமல் யாரும் அடியில் கை நீட்டக் கூடாது என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கூரைக் குழாய்த் தண்ணீரையும் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்.

எலுமிச்சம்பழம் நடுத்தரையில் சமர்த்தாக நின்றது. மெஷின் மறுபடி ஆடியது. என் அட்டை! பிரிட்ஜ் ஆகாயம் பார்த்து மல்லாந்திருந்தது. என் ஓட்டுத்துண்டு! இரண்டையும் உருவியதும் சரியாகிவிட்டன. கதவை என்ன செய்வது? சீவினதை ஒட்டவா முடியும்? மேல் மூலையில் ஒரு விரல் நுழையும் சந்து. மேஸ்திரி தடவிப் பார்த்துவிட்டு, "கதவு நல்லாத்தான் சார் இருந்திருக்கு" என்றார்.

மாசிக் கடைசி ஞாயிறு, பூச்சொரிதல். அன்றைக்குத் தொடங்கும் 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் அம்மனுக்குத்தான். பூத்தட்டோடு வந்த என் உறவுக்கு இல்லை. சாப்பிட்டு முடித்து, கதவைச் சாத்திப் படுத்தார் லால்குடி மாமா.

"மாப்ளே, கதவைச் சாத்தியும் காத்து வருதே!"

"அதுக்குன்னே வச்சது மாமா" என்றேன்.

அடுக்களையில் ஏதோ பாத்திரம் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.