ஜன்னல் சாத்திய மண்டபங்கள்

எழுபதுகளில் வெள்ளவத்தையில் ஒரு கூட்டத்துக்கு மைக் செட் பூட்டப் போனால், முதல் வேலை ஜன்னல்களைத் திறந்துவிடுவதுதான். கடற்காற்று வரும். காலி வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தமும் கூடவே வரும். கரையோர ரயில் போகையில் பேச்சாளர் வசனத்தைப் பாதியில் நிறுத்தி, கடைசிப் பெட்டி தாண்டியதும் விட்ட இடத்தில் தொடங்குவார். அந்த இரைச்சலைத்தான் எல்லோரும் குறையாகச் சொன்னோம். ஆனால் பேச்சு விளங்கவில்லையென்று யாரும் எழுந்து போனதாக நினைவில்லை.

இன்று அதே தெருக்களில் குளிரூட்டிய மண்டபங்கள். ரைல்ஸ் தரை, கண்ணாடி, இறுகச் சாத்திய ஜன்னல். வெளிச்சத்தம் உள்ளே வராது. உள்ளே எழுந்த சத்தம் வெளியே போகவும் வழியில்லை. நாலாவது வரிசையிலேயே வாழ்த்துரை வழங்குபவரின் பெயர் பிடிபடாது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும் 1895இல் இதே தொல்லை. புதிதாகத் திறந்த விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் ஓர் ஓர்கன் குழாயும் நேரமானியுமாக இரவிரவாக அங்கே இருந்தார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, குழாயின் ஓசை அடங்க எத்தனை விநாடி என்று அளந்தார். நாங்கள் இன்றும் பாவிப்பது அவருடைய கணக்கைத்தான். மண்டபத்தின் கன அளவை மீற்றர்க் கணக்கில் 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால், ஓசை 60 டெசிபல் அடங்கும் நேரம் வரும். உறிஞ்சலுக்கு அவர் எடுத்த அலகு, திறந்த ஜன்னல். அதன் வழியே போன சத்தம் திரும்பாது அல்லவா!

சபையில் இருக்கும் ஒருவர் ஏறக்குறைய அரைச் சதுர மீற்றர் திறந்த ஜன்னலுக்குச் சமம். அப்படியென்றால் 20 சதுர மீற்றர் ஜன்னலைச் சாத்துவது, 40 பேரை எழுப்பி அனுப்புவதற்குச் சமம். காற்றுக்காகத் திறந்த ஜன்னல்தான் எங்கள் பேச்சையும் காப்பாற்றியிருக்கிறது.

ஓசை நீள்வதெல்லாம் கேடல்ல. நான் வளர்ந்த கொட்டாஞ்சேனையில், பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை 1907 முதல் 1912 வரை பொன். இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தார். கருங்கல் ஒலியை உறிஞ்சுவது மிகச் சொற்பம். நாதஸ்வரக்காரர் விட்ட ஸ்வரம் தூண்களுக்கிடையே நின்று அடுத்த ஸ்வரத்தோடு சேரும். புனித லூசியாள் பேராலயக் குவிமாடத்தின் கீழ் பாடற்குழுவுக்கும் அந்த நீளம் வேண்டும். பேச்சுக்கோ ஒரு விநாடியளவு போதும்.

அண்மையில் ஒரு மண்டபத்தில் விழாக்குழுப் பையன் ஓடி வந்தான்.

“அண்ணை, பின்னாலை ஒண்டும் விளங்கேல்லையாம். சவுண்டைக் கொஞ்சம் கூட்டுங்கோ.”

“கூட்டினால் இன்னும் குழம்பும் தம்பி. குறைக்கிறன், போய்க் கேட்டுப் பாரும்.”

சுவரைப் பார்த்திருந்த இரண்டு ஸ்பீக்கர்களை நிறுத்தினேன். மிச்சத்தைச் சனத்தின் தலைகளை நோக்கிச் சரித்தேன். உடையும் உடம்பும் குடிப்பதைச் சுவர் குடிக்காது. பையன் திரும்பி வந்து தலையசைத்தான்.

இது தற்காலிக வைத்தியம். பின்சுவருக்குத் துணி போர்த்திய கண்ணாடிக் கம்பளிப் பலகையும், கண்ணாடிப் பக்கத்துக்குத் தடித்த மடிப்புத் திரையும் வேண்டும். செலவுக் கணக்கை அந்த மண்டபத்தாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மறுபடியும் கொடுப்பேன். அங்கே பின்வரிசையில் வந்து இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். எதிரொலிக்குள் சொல் முதலில் தொலைவது அவர்களுக்குத்தான்.