பன்னிரண்டு சொல் மளிகை

முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். சொல்லுக்குப் பொருள் கேட்டு என் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் உண்டு. பொருள் தெரியாமல் நான் விழித்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தச் சரித்திரத்தைத் திருத்தியவன் என் அக்கா மகன். சென்னையில் கணினி வேலை. தீபாவளிக்கு விருத்தாசலம் வந்தவன், அதிரசத்தை மென்றுகொண்டே, "எல்லாத்தையும் போஸ்ட் ஆபீஸ்லயே போட்டு வெச்சிருக்கீங்களே மாமா, கொஞ்சம் கிரிப்டோலயும் போடுங்க" என்றான்.

ஐயாயிரத்துக்கு மேல் ஒரு காசு போகக் கூடாது என்று என் மனைவி கோடு போட்டாள். பணம் அவளுடைய ஏலச்சீட்டில் வந்தது என்பதால் கோடு கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

தெரியாத சொல்லாக வந்திருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பேன். வந்ததெல்லாம் தெரிந்த சொல். காயின், டோக்கன், வாலட், கேஸ். ரேஷன் கடையில் டோக்கன் வாங்கிப் பொங்கல் பரிசுக்கு வரிசையில் நின்றவனுக்கு டோக்கன் தெரியாதா? அந்தத் தைரியத்தில்தான் வழுக்கினேன்.

"காயின் வேற, டோக்கன் வேற மாமா. பிட்காயின், ஈதருக்கெல்லாம் சொந்தமா பிளாக்செயின் இருக்கு. டோக்கன் அடுத்தவன் செயின்ல ஓடும்."

"அதாவது சொந்த வீட்டுக்காரன் காயின், வாடகைக்கு இருக்கிறவன் டோக்கன்."

"கரெக்ட்."

முதல் கேள்விக்கு முழு மதிப்பெண். அடுத்த கேள்வியிலேயே குப்புற விழுந்தேன். "ஃபியட்டை விட கிரிப்டோ வேகமா ஏறும்" என்றான். எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் வெள்ளை ஃபியட் வைத்திருந்தார். ரயில்வே மேம்பாலத்தில் அதை முந்தாத வண்டியே கிடையாது. "இதில் சொல்ல என்ன இருக்கு" என்று ஒத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, ரூபாய், டாலர் என்று அரசாங்கம் அடிக்கும் பணத்துக்கெல்லாம் ஃபியட் என்று பெயராம். வாழ்நாள் முழுக்க ஃபியட்டில் சம்பளம் வாங்கியும் அது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

தேடிப் பார்த்தேன். ஃபியட் லத்தீன் சொல். பொருள், 'ஆகுக'. அட, வியங்கோள் வினைமுற்று! அரசு 'ஆகுக' என்றால் காகிதம் பணமாகிறது. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறையும் ஆயிரத்தையும் பார்த்து அதே அரசு 'ஆகற்க' என்றது. அது எதிர்மறை வியங்கோள். அன்றிரவு எங்கள் வீட்டுக் கடுகு டப்பாவிலிருந்து நான் அதுவரை பார்த்திராத ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இலக்கணம் இவ்வளவு உயிரோடு நடந்து வந்ததை நான் வகுப்பறையில்கூடப் பார்த்ததில்லை.

பிட்காயினுக்கு அப்படி 'ஆகுக' சொல்ல ஆளே இல்லை என்பதுதான் அதன் பெருமையாம். 2008-இல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பதே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. மருமகன் இதை மர்மக் கதை போலச் சொன்னான். நமக்கு இது புதிதா? பெயர் தெரியாத புலவரைச் செம்புலப்பெயனீரார் என்று அவர் எழுதிய தொடராலேயே கூப்பிட்டு, இரண்டாயிரம் ஆண்டாகக் காலம் தள்ளுகிறவர்கள் நாம்.

மைனிங் என்றதும் என் மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினேன். நெய்வேலியில் முப்பது வருஷம் சுரங்கத்தில் இருந்துவிட்டு வந்தவன். வீட்டில் துறைவல்லுநர் இருக்கும்போது வெளியே எதற்குக் கேட்க வேண்டும்? அவன் வந்து உட்கார்ந்து, "மேல்மண் எத்தனை அடி எடுக்கணும்?" என்றான்.

மண்ணே இல்லை என்று மருமகன் விளக்கினான். உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கப் போட்டி போடும். சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் ஜெயிப்பார். அவர் அதுவரை நடந்த கொடுக்கல் வாங்கலைக் கட்டாகக் கட்டிப் பேரேட்டில் ஏற்றுவார். கூலியாகப் புது பிட்காயின் பிறக்கும். மொத்தமே 2 கோடியே 10 லட்சம்தான். அதற்கு மேல் பிறக்காது. 2009-இல் ஒரு கட்டுக்கு 50 காயின் கூலி. ஏறக்குறைய நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். 2024 ஏப்ரலிலிருந்து 3.125.

"நாலு வருஷத்துக்கு ஒருக்கா கூலியைப் பாதியா குறைக்கிறானா? எங்க யூனியன் விட்டிருக்குமா?" என்றான் மச்சான். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தான். "நாங்க கரியை வெட்டிக் கரண்டு எடுத்தோம். இவன் கரண்டை எரிச்சுக் காசு வெட்டறான். அவ்வளவுதானே?" இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் இன்னும் எங்கேயும் பார்க்கவில்லை.

ஒருவழியாக மூவாயிரத்துக்கு ஈதரும், இரண்டாயிரத்துக்கு டோஜ்காயினும் வாங்கினோம். பின்னது 2013-இல் இரண்டு பேர் கேலிக்காக ஆரம்பித்தது. முகப்பில் ஒரு நாய். கேலிக்கு ஆரம்பித்ததை நான் முதலீடாக வாங்குகிறேன் என்றால் யாரைக் கேலி செய்தார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நாயை வாங்கிய எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவிட்டு, ஈதரை மட்டும் சொந்த வாலட்டுக்கு மாற்றச் சொன்னான் மருமகன். "சாவி நம்ம கையில இருக்கணும் மாமா." ஆனால் வாலட்டுக்குள் காசு இருக்காதாம். காசு எல்லோரிடமும் பிரதியாக இருக்கும் அந்தப் பேரேட்டில்தான் இருக்கும். வாலட்டில் இருப்பது சாவி மட்டும். "பர்ஸ்ல காசு இருக்காதுங்கறது இந்த வீட்டுக்குப் புதுசா என்ன?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அந்தச் சாவி தொலைந்தால் மீட்பதற்குப் பன்னிரண்டு சொற்கள். சீட் ஃபிரேஸ். விதைச்சொல் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பொறுக்கிய பன்னிரண்டு, வரிசை மாறாமல். யார் கையில் இது கிடைத்தாலும் காசு அவர்களுடையது. தொலைத்தாலோ பிரம்மாவாலும் மீட்க முடியாது. வேல்ஸில் ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்பவர் ஆயிரக்கணக்கான பிட்காயினின் சாவி இருந்த ஹார்டு டிஸ்கை 2013-இல் குப்பைக்கு அனுப்பிவிட்டு, அந்தக் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டுப் பல வருஷம் நகராட்சியோடு மல்லுக்கட்டினார்.

பட்டியல் எந்தெந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்தேன். ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், சீனம், பிரெஞ்சு, இத்தாலியம், போர்த்துகீசியம், செக். ஆமாம், செக்! தமிழ் இல்லை. மனம் கசந்தபடியே ஆங்கிலத்தில் வாங்கினேன். போனில் படமெடுத்து வைக்காதீர்கள், காகிதத்தில் எழுதுங்கள் என்றது திரை. தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் முத்து முத்தாக எழுதி, சமையலறை அலமாரிக் கம்பியில் குத்தி வைத்தேன். வீட்டில் மிகப் பத்திரமான இடம் அதுதான். 1994 கரண்ட் பில்கூட அதில் இருக்கிறது.

என் மனைவி மளிகைச் சீட்டையும் காலண்டர் தாளில்தான் எழுதுவாள் என்பதும், அந்தக் கம்பியில்தான் குத்துவாள் என்பதும் எனக்கு நாற்பது வருஷமாகத் தெரிந்த விஷயங்கள். அன்று ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை கடைப் பையன் வந்து ஒரு கிலோ வெங்காயமும் ஒரு கிலோ சர்க்கரையும் இறக்கினான். "குடை எங்க கடையில கிடையாதுங்க, வெளியில வாங்கித் தரலாம்னு முதலாளி சொன்னாரு. அப்புறம் இந்த ஜீப்ரான்றது எந்த ஐட்டம்? ஊதுவத்தியா?"

எனக்குக் காது அடைத்தது. ஆனியன், சுகர், அம்பரெல்லா, ஜீப்ரா. என் பொக்கிஷத்தின் திறவுகோலை என் மனைவி போனில் படமெடுத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கடையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, ஜீப்ராவில் சிக்கி, கூடிப் பேசி, கடைசியில் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். "வழக்கமா தமிழ்ல எழுதற அம்மா இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்களேன்னு எல்லாரும் பார்த்தோம் சார்" என்றான் பையன்.

உடனே புது வாலட் திறந்து காசை அங்கே மாற்றச் சொன்னான் மருமகன். "கேஸ் கொஞ்சம் ஆகும் மாமா." சமையலறை எட்டிப் பார்த்தது. "மானியம் உண்டா?" கிடையாது. ஈதர் ஓடும் எத்தீரியம் வலையில் ஒரு காரியம் நடக்கத் தேவையான கணிப்பு வேலைக்குத்தான் கேஸ் என்று பெயர். சாதாரணமாக ஈதரை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அனுப்ப 21,000 அலகு. நூறு ரூபாய் அனுப்பினாலும் கோடி ரூபாய் அனுப்பினாலும் அதேதான். பஸ்ஸில் ஆளுக்குத்தான் டிக்கெட். மடியில் எவ்வளவு இருக்கிறது என்று கண்டக்டர் கேட்பதில்லை. ஆனால் கூட்டம் அதிகமானால் டிக்கெட் விலை ஏறும். தீபாவளிக்கு முந்தின நாள் ஆம்னி பஸ் மாதிரி. கோடீஸ்வரனுக்கு வலிக்காது. மூவாயிரம் வைத்திருப்பவன் ராத்திரி கண்விழித்து, கூட்டம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டே முக்காலுக்கு அனுப்பினேன்.

வெறுத்துப் போய், எல்லாவற்றையும் விற்றுவிட்டால் என்ன என்று கேட்டேன். அப்போது ஈதரில் இருநூறு ரூபாய் லாபம், நாயில் எழுநூறு நஷ்டம்.

"லாபத்துக்கு முப்பது பர்சன்ட் வரி மாமா. 2022 ஏப்ரல்லேர்ந்து."

"ஐந்நூறு நஷ்டம்தானேடா?"

"நஷ்டத்தைக் கழிக்க முடியாது. நாய் நஷ்டம் நாயோட போச்சு. இருநூறுக்கு அறுபது ரூபா வரி, அது மேல நாலு பர்சன்ட் செஸ். அறுபத்திரண்டு ரூபா நாப்பது காசு. வாங்கின விலையைத் தவிர வேற எதையும் கழிக்க மாட்டாங்க, கேஸ் செலவு உட்பட."

இந்த ஒன்றுதான் யாரும் விளக்காமலே எனக்குப் புரிந்தது.

விற்கவில்லை. இதற்கும் ஒரு கலைச்சொல் உண்டாம், ஹோடுல். 2013 டிசம்பரில் பிட்காயின் விலை சரிந்த அன்று ஒருவர் விஸ்கி போதையில் 'ஹோல்டு' என்று அடிக்கப்போய் எழுத்தை மாற்றி அடித்தார். அதுவே கொள்கையாகி உலகம் சுற்றுகிறது. லகர ளகரம் மாறியதற்காக நான் அரை மதிப்பெண் குறைத்த பிள்ளைகளின் முகமெல்லாம் வரிசையாக வந்து போயின.

புது வாலட்டின் பன்னிரண்டு சொல்லை இந்த முறை கோடு போட்ட நோட்டில் எழுதினேன். நன்னூல் உரைக்குள் செருகப் போகும்போது மனைவி வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தாள்.

"என்னங்க, போன தடவையாவது வெங்காயம் இருந்தது" என்று திருப்பிக் கொடுத்தாள்.