ஸ்கேல் ஆகும்போது பார்த்துக்கலாம்

பழைய மகாபலிபுரம் சாலையில் இவரை நீங்கள் பார்த்திருக்கலாம். கழுத்து அட்டையில் ‘ஃபவுண்டர்’ என்று இருக்கும். நடையில் பாதி ஓட்டமாக இருக்கும். பலகாரத்தை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனம். எந்தக் குறையைச் சொன்னாலும், “இப்போதைக்கு ஓடட்டும் பாஸ், ஸ்கேல் ஆகும்போது பார்த்துக்கலாம்” என்பார்.

அதற்காக அவரை அவசரக்காரர் என்று சொல்லிவிட முடியாது. லோகோவுக்குக் கிளிப்பச்சையா, வாழையிலைப் பச்சையா என்று முடிவெடுக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். பெங்களூரிலிருந்து ஒரு ஆலோசகர்கூட வந்து போனார். ஆனால் வாடிக்கையாளர் எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்பதை டீக்கடையிலேயே தீர்த்துவிட்டார். “நாலு போதும். பத்தாயிரம் பேர் வந்துட்டா அது கஷ்டமா? கொண்டாட்டம்!”

கொண்டாட்டம் தீபாவளி வாரத்தில் வந்தது. 9999-க்கு அடுத்து சேர்ந்தவருக்கு மென்பொருள் மறுபடியும் ஒன்றாம் எண்ணையே கொடுத்தது. பழைய ஒன்றாம் எண்காரர் அம்பத்தூரில் ஒரு சர்க்கரை நோயாளித் தாத்தா. புதியவர் அடையாற்றில் ஒரு தலைதீபாவளி வீடு. மாப்பிள்ளைக்குச் சர்க்கரையில்லாத பிஸ்கட் போனது. தாத்தாவுக்கு மூன்று கிலோ அதிரசம். மன்னிப்புக் கேட்கப் போன் செய்தால் தாத்தா குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மாத்திடாதீங்க தம்பி, அடுத்த மாசமும் இப்படியே அனுப்புங்க” என்றார்.

எண்ணை நீட்டலாமே என்றால் பில், கிடங்கு லேபிள், டெலிவரி ஆப், ஆடிட்டர் கணக்கு எல்லாவற்றிலும் நாலே நாலு கட்டம்தான். லோகோவை மட்டும் ஒரே சாயங்காலத்தில் மாற்றிவிடலாம்.

ஆர்டர்கள் பழைய எக்செல் கோப்பில் இருந்தன. அந்த வகைக் கோப்பு 65,536 வரிக்கு மேல் தாங்காததால்தான் 2020-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுகள் கணக்கில் விடுபட்டன என்று ஒருவர் எச்சரித்தார். “அப்ப நமக்கு இன்னும் இடம் இருக்கு!” என்று நம்மவர் மகிழ்ந்தார்.

பிறகு முதலீடு வந்தது, ஆளே மாறிவிட்டார். இப்போது எல்லாமே ஒரு கோடி பேருக்குத்தான். கிளவுட் வாடகை அதிரச விற்பனையைத் தாண்டிவிட்டது. ஆர்டரை ரத்து செய்ய ஒரு பட்டன் கேட்டால், “ஆர்க்கிடெக்சர் முடியட்டும், ஆறு மாசம்” என்கிறார். வாடிக்கையாளர் எண் பதினெட்டு இலக்கம். அதைப் போனில் சொல்லி முடிப்பதற்குள் தாத்தா இருமுறை கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கிறது.

அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2016-இல் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் முடிவுகளை இரண்டாகப் பிரித்தார்: போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரக்கூடிய கதவு என்றால் சட்டென்று நுழையலாம்; திரும்ப முடியாத கதவு என்றால் நிதானமாக யோசிக்க வேண்டும். நம்மவரும் அதைப் படித்திருக்கிறார். அலுவலகத்துக்குக் கண்ணாடிக் கதவா, மரக் கதவா என்று இரண்டு வாரமாகக் கூட்டம் நடக்கிறது.